பொட்டு வைத்த பலகை

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் இளம் ஆசிரியர் ஒருவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். சாய்வுப் பலகையில் குண்டு உருட்டும் சோதனையைப் பாடத்தில் மறுபடி சேர்த்திருக்கிறார்களாம். பலகை, குண்டு, நேரம் பார்க்கும் கருவி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அனுப்பியும் விட்டார்களாம். எப்படி உருட்டினாலும் கணக்குச் சரியாக வரவில்லை, உங்கள் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். எங்கள் காலத்தில் கணக்கு வராவிட்டால் ஆளை வீட்டுக்கு அனுப்பினோம் என்றேன். கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று சிரித்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். நான் தமாஷ் பண்ணவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் இதுதான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா பத்து காஜா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், மற்ற நாளெல்லாம் கித்தா எனப்படும் ரப்பர் மரம் என்று வளர்ந்தேன். பாதிரிமார் பள்ளியில் படித்தேன். படித்து முடித்த கையோடு அங்கேயே வாத்தியாராக நிறுத்திக்கொண்டார்கள். வாரம் முழுக்கப் பாடம் சொல்லிக்கொடுப்பது, சனிக்கிழமை பயிற்சி வகுப்பில் போய் நாமே மாணவனாக உட்காருவது, இப்படிச் சில வருஷம். அதன் பிறகு ஈப்போவில் ஒரு ஆங்கிலப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. தகரம் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது, ரப்பரும் ஏறிக்கொண்டிருந்தது. பையன்களுக்கு விஞ்ஞானம் வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றி, பள்ளியின் பின்கட்டில் பழைய சாமான் அறையைக் காலிசெய்து ஆய்வுக்கூடமாக்கி, என்னை அதற்கு உதவி ஆசிரியராகப் போட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்பு மலை, மூடினால் வெக்கை. எனக்கு அது சொர்க்கமாக இருந்தது.

அந்தச் சொர்க்கத்துக்கும் பள்ளிக்கும் அதிபதி ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் பெயரை எழுதப்போவதில்லை. பையன்கள் அவரைப் பெண்டுலம் என்பார்கள். காரணம், பாடம் நடத்தும்போது இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பையன் சரியான விடை சொன்னால் நடந்துகொண்டே இருப்பார். தப்பான விடை சொன்னால் நின்றுவிடுவார். அவ்வளவுதான் தண்டனை. பிரம்பை விட அந்த நிற்றலுக்குத்தான் பையன்கள் பயந்தார்கள். நானும் பயந்தேன், அதை மறைப்பானேன்.

கருவிகளை அவர் கையால் தொடமாட்டார். இன்னொரு பழக்கமும் உண்டு. சோதனை தொடங்குவதற்கு முன்பே கரும்பலகையின் வலது மேல் மூலையில் வரவேண்டிய விடையை எழுதி அதைச் சுற்றிக் கட்டம் போட்டுவிடுவார். விடையைக் கட்டம் கட்டிவிட்டுத்தான் கேள்விக்கே வருவார். குண்டு உருட்டும் சோதனைக்கு அந்தக் கட்டத்துக்குள் முப்பத்திரண்டு என்று இருக்கும். எந்தப் பொருளும் கீழே விழும்போது விநாடிக்கு விநாடி முப்பத்திரண்டு அடி வேகம் கூடுகிறது என்பது புத்தகம் சொல்வது. நேராக விழவிட்டால் அளக்கக் கண்ணும் கையும் போதாது. அதனால் சாய்வில் உருட்டி மெதுவாக்கி, ஓடிய தூரத்தையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் அளந்து, சாய்வுக்குத் தகுந்தபடி கணக்குப் போட்டு, அந்த முப்பத்திரண்டைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

எங்கள் பலகை நல்ல செங்கால் மரம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளம். தகரச் சுரங்கத்தில் மண் கழுவும் பாலாங் கட்டும் சீனத் தச்சர் ஒருவர் செய்துகொடுத்தது. நடுவில் அகலமாக ஒரு தடம் இழைத்திருந்தார். கையை வைத்துத் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். குண்டு, தகர மண் தோண்டும் ஈயக்கப்பல் பேரிங்கிலிருந்து கழன்ற எஃகுக் குண்டு. நிறுத்து கடிகாரம் பள்ளியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் ஓட்டப் பந்தயத்துக்கு. ஆகவே நேரத்தைத் தண்ணீரால் அளந்தோம். உயரத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின். அதன் அடியில் ஒரு மெல்லிய குழாய். குண்டை விட்டவுடன் குழாயிலிருந்து விரலை எடுக்க வேண்டும். குண்டு கடைசிக் கட்டையில் மோதும் சத்தம் கேட்டவுடன் விரலை வைத்து அடைக்க வேண்டும். இடையில் விழுந்த தண்ணீரைத் தராசில் நிறுத்தால் அதுதான் நேரம். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போல இருக்கும். விரல் சரியாக இருந்தால் கடிகாரம் தோற்றுவிடும்.

அந்த விரல் ஆறுமுகத்தினுடையது. ஆறுமுகம் ஆய்வுக்கூடத்து உதவியாள். என்னை விடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். சேலத்துப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்து, ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் மெஷினில் வேலை பார்த்து, பிறகு பட்டணத்துக்கு வந்தவர். பையன்கள் முன்னால் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், தனியாக இருக்கும்போது அண்ணே என்பேன். அவர் எப்போதும் சார் என்பார். பள்ளிக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் மனைவியோடு இருந்தார். தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து தப்பி வந்து பட்டணத்தில் காக்கிச் சட்டை போட்டு, கண்ணாடிச் சாமான்களுக்கு நடுவில் வேலை செய்கிறோம் என்பதில் அவருக்கு இருந்த பெருமையை நான் வேறு எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் ஜன்னல் வழியாக உள்ளே காட்டுவார். உள்ளே விடமாட்டார்.

அந்தச் சோதனையைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு முன்பே உறுத்திக்கொண்டிருந்தது. தனியாக நானும் ஆறுமுகமும் குண்டை உருட்டிப் பார்த்தபோதெல்லாம் விடை முப்பத்திரண்டு வரவில்லை. இருபத்து மூன்று வந்தது. துரையிடம் சொன்னேன். உன் ஆளுக்கு விரல் மெதுவு என்றார். சரி, அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். வகுப்பில் பையன்களுக்கு இந்தத் தொந்தரவே வந்ததில்லை. கரும்பலகையில் விடை இருக்கிறதே. அதிலிருந்து கிளம்பிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எவ்வளவு தண்ணீர் விழுந்திருக்க வேண்டுமோ அதை எழுதிவிடுவார்கள். எல்லோருக்கும் முப்பத்திரண்டு. துரை நடந்துகொண்டே இருப்பார்.

அந்த வருஷம் பள்ளி ஆய்வாளர் வருவதற்குச் சற்று முன்னால் சரஸ்வதி பூசை வந்தது. ஆறுமுகம் தயங்கித் தயங்கி வந்து, சாமான்களுக்குப் பூசை போடலாமா என்று என்னைக் கேட்டார். நான் வேதக்காரன். ஆனாலும் அவர் நாள் தவறாமல் துடைத்து வைக்கிற சாமான்களை அவர் ஒரு நாள் கும்பிடுவதில் எனக்கு என்ன நஷ்டம்? செய்யுங்கள் என்றேன். பலகை, குண்டு, தராசு, டின் எல்லாவற்றையும் கழுவிப் பெஞ்சில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலையும் வாழைப்பழமும் படைத்தார். கற்பூரம் மட்டும் ஏற்றவில்லை. ஸ்பிரிட் பாட்டில் இருக்கிற அறை என்று அவருக்குத் தெரியும். பலகையின் இரண்டு ஓரத்திலும், நாங்கள் சாக்கட்டியால் அளவு போட்டிருந்த ஒவ்வொரு கோட்டுக்கும் நேராக, ஒரு பொட்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அதைத் துடைக்கச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அழிக்கிறதுன்னு வாயால கூடச் சொல்லாதீங்க சார். ஆயுதத்துக்கு வச்ச பொட்ட மனுசன் அழிக்கக் கூடாது. வேல செய்யச் செய்யத் தானாப் போயிரும்."

தோட்டத்தில் ரோலர் மெஷினுக்கும், பால் வெட்டும் கத்திக்கும் அப்படித்தான். பொட்டு உழைப்பில் தேய வேண்டும், துணியில் துடைபடக் கூடாது. எனக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. குண்டை மட்டும் தண்ணீரில் போட்டு எடுத்தார். குளிப்பாட்டினால் பாவமில்லையாம். தடத்தை நானே ஈரத் துணியால் ஒரு முறைக்கு இரு முறை துடைத்தேன். ஓரத்துப் பொட்டுகளை விட்டுவிட்டேன். குண்டு ஓடுவது நடுத் தடத்தில். ஓரத்தில் அதற்கு என்ன வேலை?

ஆய்வாளர் வந்த நாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. வயதானவர், களைத்தவர். காலையிலிருந்து ஒவ்வொரு வகுப்பாகப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தார். துரை வழக்கம்போல முப்பத்திரண்டைக் கட்டம் கட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். ஆய்வாளர் கையை உயர்த்தினார். சொன்னது போதும், செய்து காட்டச் சொல்லுங்கள் என்றார். அத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. துரை என்னைப் பார்த்தார். நான் ஆறுமுகத்தைப் பார்த்தேன்.

குண்டை விட்டேன். தண்ணீரை நிறுத்தேன். கரும்பலகையிலேயே கணக்குப் போட்டேன். இருபத்து மூன்று. மறுபடி விட்டேன். மறுபடியும் இருபத்து மூன்று. ஆய்வாளருக்கு அலுப்பு போய்விட்டது. தன் கடிகாரத்தை எடுத்து அவரே நேரம் பார்த்தார். அதுவும் எங்கள் தண்ணீர் சொன்னதையே சொன்னது. ஆறுமுகத்தின் விரலில் குற்றமில்லை என்று அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரர் கடிகாரமே சாட்சி சொன்னது. அதை யாரும் கவனிக்கவில்லை. துரை நடப்பதை நிறுத்திவிட்டார்.

ஆய்வாளர் குனிந்து பலகையைப் பார்ப்பதற்காக அதன் ஓரத்தில் கையை ஊன்றினார். எடுத்தபோது உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. இது என்ன என்று கேட்டார். நான் பூசையைப் பற்றிச் சொன்னேன். அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதில் விஷமம் இருந்ததாக எனக்குப் படவில்லை. ஆனால் துரைக்கு அந்தச் சிரிப்புப் போதுமானதாக இருந்தது.

"காணாமல் போன உங்கள் ஒன்பது அடியும் அங்கேதான் இருக்கிறது, ஐயா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், பையன்கள் உட்பட. குண்டு அந்தப் பொட்டைத் தொடவே இல்லை, வேண்டுமானால் கழுவிவிட்டு மறுபடி உருட்டுகிறேன் என்றேன். ஆய்வாளர் கோலா கங்சார் போகிற அவசரத்தில் இருந்தார். இன்னொரு நாள் என்றார். துரை மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அன்று மாலையே கூடத்தைக் கழுவினேன். பலகையைத் தூக்கி வெளியே போட்டு, சவுக்காரம் போட்டுத் தேய்த்து, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் எடுத்தேன். ஆறுமுகம் தூண் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அவர் பார்க்க விரும்பவில்லை. காய்ந்த பலகையை உள்ளே கொண்டுவந்து, அவரையே விரல் வைக்கச் சொல்லி உருட்டினேன். இருபத்து மூன்று. அடியில் கட்டை கொடுத்துச் சாய்வைக் கூட்டினேன். அப்போதும் இருபத்து மூன்று. பொட்டோ அழுக்கோ தடுத்திருந்தால், சாய்வு ஏற ஏறத் தடையின் பங்கு குறைந்து விடை முப்பத்திரண்டை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். அது அசையவே இல்லை. ஆக, குறை பலகையில் இல்லை, விரலிலும் இல்லை. வேறு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

இதை அப்படியே துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பலகையில் அந்நியப் பொருள் படிந்ததால்தான் பிழை நேர்ந்தது என்று நீ ஒரு வரி எழுதிக்கொடு, உன்வரையில் விஷயம் முடிந்தது என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும் என்று சொல்லாமல் சொன்னார். தலைப்பாகை ஆறுமுகம்.

"எனக்குக் காரணம் தெரியாது. ஆனால் பொட்டு காரணம் இல்லை என்று தெரியும். எழுத மாட்டேன்" என்றேன்.

"காரணம் தெரியாத ஆசிரியருக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை?" என்று கேட்டார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

என்னைச் சின்ன வகுப்புக்கு மாற்றினார்கள். பூகோளமும் சுகாதாரமும் சொல்லிக்கொடுத்தேன். பல் விளக்குவது எப்படி, கொசு எங்கே முட்டையிடும் என்று ஓய்வு பெறும் வரைக்கும் சொல்லிக்கொடுத்தேன். இடையில் ஜப்பான்காரன் வந்தான், போனான். நான் கொசுவிலேயே இருந்தேன். வேலை போகவில்லையே என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் எனக்கு இன்றைக்கும் கசக்கிறது.

ஆறுமுகத்துக்கு வேலையே போயிற்று. வீடும் அதோடு போயிற்று. சித்தியவான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மச்சான் இருக்கிறார் என்று கிளம்பினார். எதிலிருந்து தப்பி வந்தாரோ அங்கேயே. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது அவர் துரையைத் திட்டுவார், ஒருவேளை என்னையும் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"என்னாலதான் சார் ஒங்களுக்கும் கெட்ட பேரு. அறியாத்தனமா வச்சிட்டேன்."

இல்லை அண்ணே, பொட்டு ஒன்றும் செய்யவில்லை என்றேன். பின்னே என்ன செய்தது என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பழியைச் சுமந்தவர் அது தன்னுடையதுதான் என்று நம்பிக்கொண்டு போனார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்து அவருக்கு வேலையைத் திரும்ப வாங்கிக்கொடுப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

விடை எனக்குக் கிடைத்தது பாசார்க் கடைத்தெருவில். அரிசிக்கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒருவருடைய லாரியிலிருந்து பலகை சாய்த்துப் பீப்பாய்களை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிலதில் எண்ணெய் இருந்தது, சிலது காலி. நிறைந்த பீப்பாய் வேகமாக ஓடிவந்தது. காலிப் பீப்பாய் அதே பலகையில் சோம்பிச் சோம்பி வந்தது. கனமானது வேகமாக வருகிறது என்று கூலியாட்கள் நினைத்திருப்பார்கள். கனத்துக்கும் விழும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்று பையன்களுக்குப் பாடம் சொன்னவன் நான், நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரன் என்னை இரண்டு பாஷையில் ஏசிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு ஓடிவந்து ஒரு பால் டின்னின் இரண்டு மூடியையும் வெட்டி எடுத்தேன். சாப்பாட்டு மேசைப் பலகையைச் சாய்த்து, இஞ்சினீயர் ஒருவர் கொடுத்த எஃகுக் குண்டையும் டின் வளையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக விட்டேன். குண்டு முந்தியது. எத்தனை தடவை விட்டாலும் குண்டுதான் முந்தியது. டின் ஓடிய நேரத்தை அளந்து கணக்குப் போட்டால் முப்பத்திரண்டில் சரிபாதி. அப்போதுதான் புத்தி வந்தது. விழுகிற பொருள் விழ மட்டும் செய்கிறது. உருள்கிற பொருள் இறங்கவும் வேண்டும், தன்னைத் தானே சுற்றவும் வேண்டும். கிடைக்கிற பலத்தில் ஒரு பங்கைச் சுற்றுவது தின்றுவிடுகிறது. எடை முழுவதும் விளிம்பில் இருக்கிற வளையத்தில் பாதி போய்விடுகிறது. உருண்டையில் ஏழில் இரண்டு பங்கு போகிறது என்று முட்டி மோதிக் கணக்குப் போட்டுக் கண்டேன். மீதி ஐந்து பங்கு. முப்பத்திரண்டில் ஏழில் ஐந்து பங்கு எவ்வளவு? இருபத்து மூன்று. என் மனைவி ரோசம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, பாலை எதில் ஊற்றி வைத்தீர்கள் என்று கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

டின்னையும் குண்டையும் எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். அவர் மேசையிலேயே ஒரு பலகையைச் சாய்த்து உருட்டிக் காட்டினேன். கணக்கையும் காட்டினேன். அவர் கடைசி வரைக்கும் பார்த்தார்.

"குண்டு உருள்கிறது என்பது உனக்கு இப்போதுதான் தெரிந்ததா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு முன்பே தெரியுமா என்றேன். ஆய்வாளர் வந்துபோன அன்று மாலையே ஞாபகத்துக்கு வந்துவிட்டது, கல்லூரியில் படித்ததுதான், பையன்களின் பாடப் புத்தகத்தில் அதை விட்டுவிடுகிறார்கள் என்றார். மூலையில் இருந்த கண்ணாடி அலமாரியைக் கை காட்டினார். உள்ளே புத்தம்புதிய சின்ன வண்டி ஒன்று, மெல்லிய சக்கரங்களோடு. சக்கரம் மட்டும்தான் சுற்றும், வண்டி சுற்றாது. விடை முப்பத்திரண்டுக்குப் பக்கத்திலேயே வரும். சீமையிலிருந்து வரவழைத்திருந்தார். குண்டையும் பலகையையும் அவர் சத்தமில்லாமல் ஓரம் கட்டிவிட்டார்.

அப்படியானால் ஆறுமுகத்தைத் திரும்பக் கூப்பிடலாமே என்றேன்.

"அவன் குண்டுக்காக நீக்கப்படவில்லை. அரசாங்கப் பொருளில் சாயம் பூசியதற்காக நீக்கப்பட்டான். அது இன்னும் உண்மைதானே?"

ஆய்வாளருக்காவது ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டேன். தன் பள்ளிக்குத் தன் சோதனையே தெரியவில்லை என்று எந்தத் தலைவனும் எழுதமாட்டான் என்றார். சொல்லிவிட்டு எழுந்து, ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் நடக்க ஆரம்பித்தார். நான் சொன்னது சரியான விடை என்பதால் நடந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

வேலையைத்தான் வாங்கிக்கொடுக்க முடியவில்லை, பழியையாவது இறக்கி வைப்போம் என்று அடுத்து வந்த விடுமுறையில் சித்தியவானுக்கு பஸ் ஏறினேன். டின்னும் குண்டும் பையில் இருந்தன. தோட்டத்துச் செம்மண் சாலையில் நடந்து போய், ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கொட்டகையில் ஆறுமுகம் எங்கே என்று விசாரித்தேன். "பொட்டுக்காரரா? லயத்துல இருப்பாரு, போய்ப் பாருங்கலா" என்று வழி காட்டினார்கள். எனக்கு அந்தப் பெயர் விளங்கவில்லை.

லயத்து வாசலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் ஆறுமுகம் விபூதித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். முன்னே ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள், குழந்தைக்குக் காய்ச்சல். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதன் நெற்றியில் பூசினார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். மெலிந்திருந்தார். புகைக் கொட்டகை வேலையில் கண் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் பள்ளியை விட்டுப் போனபோது இருந்த வாட்டம் இல்லை.

உள்ளே போனதும் நான் காத்திருக்கவில்லை. அவர் படுக்கும் பலகையைச் சாய்த்து, குண்டையும் டின்னையும் விட்டேன். அவரையும் விடச் சொன்னேன். சுற்றுவது பலத்தைத் தின்கிறது என்பதைச் சொன்னேன். அவர் அறிவாளி, உடனே பிடித்துக்கொண்டார். பல முறை விட்டுப் பார்த்தார். பிறகு டின்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் வச்ச பொட்டு ஒண்ணுமே செய்யல."

"ஒண்ணுமே செய்யலண்ணே. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

"தொரைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வேல திரும்பக் கெடைக்குமா சார்?"

நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டுக் கதவைப் பார்த்தார். வெளியே ஆட்கள் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"இங்க வந்தப்ப, தொர ஸ்கூல்ல இருந்து தொரத்தி விட்டுட்டாங்கன்னு சிரிச்சாங்க சார். ஏன்னு கேட்டாங்க. நடந்ததச் சொன்னேன். நான் வச்ச பொட்டுக்குத் தொரையோட குண்டு ஓடலன்னுதானே நான் நெனச்சேன்? அதத்தான் சொன்னேன். அதுலேர்ந்து சிரிக்கறது நின்னுச்சு. ரோலருக்குப் பொட்டு வைக்க நான்தான். வேல வாங்குற தண்டலு கூட என்னை அடிக்கக் கையோங்க மாட்டான். இந்த உண்மைய வச்சு நான் என்னா செய்ய, சொல்லுங்க? அங்க குடுக்கறதுக்கு வேல இல்ல. இங்க இருக்கறதும் போயிரும்."

அவருக்கு நீதி வாங்கித் தருகிறேன் என்று கிளம்பி வந்தவன், அவருக்கு மிச்சமிருந்த மரியாதையைப் பிடுங்க வந்தவனாக நின்றேன். பொய்யைத் தொழிலாக்கிக்கொண்டாரே என்று ஒரு கணம் கோபம் கூட வந்தது. அதைவிடப் பெரிய பொய்யைச் சொன்னவர் பதவி உயர்வில் கோலாலம்பூருக்குப் போகப்போகிறார் என்று ஊரில் பேச்சு இருந்தது. கோபம் எங்கே போவது என்று தெரியாமல் அடங்கிவிட்டது. டின்னையும் குண்டையும் பையில் போட்டேன்.

வெளியே வந்தபோது அவர்கள் எல்லோரும் இன்னும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. குழந்தையை வைத்திருந்த பெண் எழுந்து நின்று என்னிடம் கேட்டாள்.

"நீங்கதான் அந்தக் குண்ட உருட்டுன சாரா? அண்ணே வச்ச பொட்டுக்கு அது ஓடலயாமே. நெசமா சார்?"

ஆறுமுகம் என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த விபூதியை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். குழந்தை காய்ச்சலில் முனகியது. எல்லா முகங்களும் என்னையே பார்த்தன. எழுதிக்கொடு என்று துரை கேட்டபோது, என் ஆய்வுக்கூடம் போனாலும் பரவாயில்லை என்று மறுத்த அதே வரியைத்தான் இவர்களும் கேட்கிறார்கள்.

"நெசம்தாம்மா" என்றேன். "நான்தான் உருட்டினேன். ஓடல."